கீழிருந்து நுழையும் வீடு

(போர்ட் பிளேயரில் தமிழன்பர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருந்த நிக்கோபார் வீட்டின் சிற்றுருவம் ஒன்றின் முன்னால், பள்ளிச் சிறுமி ஒருத்தி வெகுநேரம் நின்றுகொண்டிருக்கக் கண்டேன். நெற்குதிர் ஒன்றை நீண்ட கால்களின் மேல் தூக்கி நிறுத்தினாற்போல் இருந்த அந்த உருவத்தை அவள் மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தாள். நான்காவது பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தபடியால் அங்கே போக முடியவில்லை. பிறகு அருகில் நின்ற என்னைப் பார்த்து, “தாத்தா, இந்த வீட்டுக்கு வாசலே இல்லையே, எப்படி உள்ளே போவாங்க?” என்று கேட்டாள். பேழையின் கீழே ஒட்டியிருந்த சீட்டில் தீவின் பெயரும் மக்களின் பெயரும், மரம், பிரம்பு, புல் என்று பொருள்களின் பெயரும் இருந்தனவே ஒழிய, வாசலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாசல் தரையில் இருக்கிறது, அம்மா. கீழிருந்து ஏணி வைத்து, தளத்திலுள்ள திறப்பின் வழியாக மேலே ஏறுவார்கள் என்று குனிந்து காட்ட முயன்றேன். பேழைக்குள் வெளிச்சம் அவ்வளவு தாழ விழவில்லை. அவள் என் சொல்லை நம்பினாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் குழந்தையின் கேள்வியையே இன்று என் பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழங்குடி மக்களின் கட்டடக் கலையை, அதிலும் இறந்த காலத்துப் பொருளாக அல்லாமல் இன்று நடந்துகொண்டிருக்கும் கலையாக, காண வருவோர் தம் கையாலும் காலாலும் அறிந்துகொள்ளும்படி எவ்வாறு காட்சிப்படுத்துவது என்பதே விஷயம். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று பெயர் பெற்ற தீவுகளுக்கு அண்டையில், தமிழர்கள் பல்லாயிரவராக வாழும் இந்தப் பட்டணத்தில் இதைப் பேசுவது பொருத்தமே. 2024-இல் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் நம் நாவில் போர்ட் பிளேயர் என்றே வருகிறது.

முதலில் அந்த வீட்டையே சற்று நிதானமாகப் பார்ப்போம். கார் நிக்கோபாரின் வட்ட வீடு, ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய உயரத்துக்கு மரத் தூண்களின் மேல் நிற்பது. தூண்களின் தலைப்பில் வட்டமான பலகைத் தட்டுகளைக் கோத்து வைப்பார்கள். தூணைப் பற்றி ஏறிவரும் எலி அந்தத் தட்டைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும். அதற்கு மேல் தளம். தளத்தின் இடுக்குகள் வழியே கடற்காற்று கீழிருந்து மேலே ஏறும். தளத்தின் மேல், வளைத்த கழிகளாலும் பிரம்பு வளையங்களாலும் ஆன கூடு. அந்தக் கூட்டின் மேல் அடர்த்தியாக வேய்ந்த புல். இவ்வளவுக்கும் ஆணி ஒன்றும் கிடையாது. பிரம்பைப் பிளந்து, கட்டிக் கட்டியே முழு வீட்டையும் எழுப்பிவிடுகிறார்கள். நம் ஊரில் கைமரத்தின் மேல் வரிச்சுக் கட்டிக் கீற்று வேய்கிறவர்களின் விரல்களைக் கவனித்தவர்களுக்கு, கட்டு என்பதே ஒரு தனி வித்தை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இரவில் ஏணியை மேலே இழுத்துவிட்டால் வீடு மூடியாயிற்று. பகலிலோ வீட்டின் அடிப்பாகமே கூடம். வெயில் ஏறிய வேளையில் முதியவர்கள் படுப்பதும், பெண்கள் கூடிப் பேசுவதும், குழந்தைகள் விளையாடுவதும் அந்த நிழலில்தான். ஆகவே, மேலே உள்ள கூட்டை மட்டும் வீடு என்று நினைப்பவர் பாதி வீட்டைத்தான் பார்க்கிறார்.

முழு வீட்டையும் பார்க்க வேண்டுமானால், தூஹெத் என்ற சொல்லையும் அறிய வேண்டும். தூஹெத் என்பது நிக்கோபாரிகளின் பெருங்குடும்பம்: நிலமும் தென்னையும் பன்றியும் உழைப்பும் பொதுவாக உள்ள, மூத்தவர் ஒருவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட உறவுக் கூட்டம். வீடு கட்டுவது தனி மனிதன் ஒருவன் கூலி கொடுத்து முடித்துக்கொள்ளும் காரியமன்று. தூஹெத் கூடிச் செய்வது. அன்றியும் ஊர் ஒவ்வொன்றுக்கும் கடலோரத்தில் எல்-பானம் என்னும் பொது இடம் ஒன்று இருந்தது. பிரசவத்துக்கென்று ஒரு வீடும், இறந்தவர்க்கென்று ஒரு வீடும், பந்தயப் படகுகளும் அங்கே இருந்தன. பிறப்பும் இறப்பும் குடியிருப்பு வீட்டுக்குள் நிகழாமல் ஊரின் பொது இடத்தில் நிகழ வேண்டும் என்று வகுத்த ஒரு சமூகத்தின் கட்டடக் கலையை, ஒற்றை வீட்டின் பொம்மையால் எப்படி விளக்க முடியும்?

2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் வந்த பேரலையைப் பற்றி இந்த அவையில் விரித்துரைக்கத் தேவையில்லை. கார் நிக்கோபாரின் கரையோர ஊர்களை அது வாரிச் சென்றது. டிரிங்கெட் தீவைத் துண்டாக்கியது. சௌரா மக்கள் தங்கள் தீவை விட்டுத் தெரசாத் தீவுக்குப் போய்த் தங்கி, பின்னர்த் திரும்ப நேர்ந்தது. தென்கோடியில் இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டர் அளவு தாழ்ந்தது. கட்டிய வீடானால் என்ன, வார்த்த வீடானால் என்ன, அந்த அலையின் முன்னால் எதுவும் நின்றிருக்க முடியாது. பழைய வீடு அலையைத் தாங்கும் என்று எந்தக் காட்சியிலும் எழுதி வைப்பது பொய்யாகும்; அன்பின் மிகுதியால் சொன்னாலும் பொய் பொய்தான்.

அதன் பிறகு நடந்ததே நம் விஷயத்துக்கு இன்றியமையாதது. முதலில் தகரக் கொட்டகைகள் வந்தன. நாகப்பட்டினத்துக் கடற்கரைக் குப்பங்களில் சுனாமிக்குப் பின் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே உடம்பு சுடும். கருவிகளும் பொருள்களும் தந்தால் போதும், எங்கள் வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்று தீவினர் கேட்டனர். ஆனால், நிரந்தரக் குடியிருப்புகள் என்ற பெயரில், இரும்பும் பலகைகளும் பெருநிலத்திலிருந்து கப்பலேறி வந்து, கடலை விட்டு உள்ளே தள்ளி, வரிசை வரிசையாக ஏறத்தாழ ஏழாயிரம் வீடுகள் எழும்பின. ஒவ்வொரு வீடும் கணவன், மனைவி, மக்கள் என்னும் சிறு குடும்பம் ஒன்றுக்கு. நிவாரணப் பணமும் அவ்வாறே தனித்தனிக் கணக்கில் விழுந்தது. இத்தீவுகளை நெடுங்காலம் ஆராய்ந்த சிம்ரன் ஜித் சிங் என்பவர், பேரலை செய்த சேதத்துக்கு மேலாக இந்த உதவி வெள்ளம் தூஹெத்தின் கட்டைத் தளர்த்திய விதத்தை எழுதியிருக்கிறார். வீடுகளை எழுப்பியவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் எண்ணிய குடும்பம் வேறு, அங்கே இருந்த குடும்பம் வேறு.

இனி, தற்காலப் பழங்குடிக் கட்டடக் கலை என்பது எங்கே இருக்கிறது? என் அபிப்பிராயத்தில் அது அந்த நிரந்தரக் குடியிருப்பின் பின்புறத்தில் இருக்கிறது. அரசாங்கம் தந்த வீட்டை ஏற்றுக்கொண்டு, அதன் ஓரத்தில் கால் நட்டு, ஓலையோ புல்லோ வேய்ந்து, அடுப்பையும் பாயையும் பேச்சையும் அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறாரே ஒருவர், அவரே இன்றைய நிக்கோபாரின் சிற்பி. கிடைத்த தகரத்தையும் மிஞ்சிய இரும்புக் குழாயையும் வெட்டிய பிரம்பையும் ஒரே கூரைக்குள் இணைக்கும் அவருடைய யுக்தி, பாட்டனாரின் வட்ட வீட்டுக்குச் சற்றும் குறைந்ததன்று. பழைய வட்ட வீட்டை மட்டும் தூய்மையானது என்று போற்றி, இந்தப் பின்கட்டை அழுக்கென்று விலக்கிவிடும் அருங்காட்சியகம், உயிரோடிருக்கும் ஒரு கலைக்கு ஈமக்கடன் செய்ததாகிவிடும்.

நம் நாட்டில் இத்துறையில் நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. இதே நகரில், இந்திய மானுடவியல் ஆய்வு நிறுவனத்தின் அருங்காட்சியகம் தீவு மக்களின் குடில்களுக்குச் சிற்றுருவம் செய்து பல தலைமுறை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறது. போபாலில் சியாமளா மலையின் மேல், ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் இந்திரா காந்தி தேசிய மனித அருங்காட்சியகம் ஒரு படி மேலே போய், வீட்டுக்குரிய மக்களையே அழைத்து வந்து, அவர்கள் கையாலேயே தங்கள் வீட்டைக் கட்டச் செய்தது. நம் நீலகிரித் தோடர்களின் வளைந்த கூரை வீட்டையும் அங்கே காணலாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவோ, பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து, மீண்டும் கோத்து நிறுத்தியது. செட்டிநாட்டு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த சிறுவனுக்கு, திண்ணை என்பது என்ன என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. கடல் கடந்து பார்த்தால், பசிபிக் சமுத்திரத்தில் நியூ கலிடோனியாத் தீவின் நூமேயா நகரில் 1998-இல் திறக்கப்பட்ட சிபாவு பண்பாட்டு மையம் இருக்கிறது. அத்தீவுப் பழங்குடிகளான கனாக் மக்களின் குடிலை நினைவூட்டும் பத்து மரக்கூடுகளை இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ அங்கே எழுப்பினார். காண்பதற்கு அற்புதமானவை, எனினும் அவற்றை ஒரு குடும்பம் கூடி வேய்ந்ததில்லை. ஆகையால், நமக்கு வழிகாட்டியாக நான் போபாலையே கொள்வேன்.

ஆனால் போபாலிலும் ஒரு குறை எஞ்சுகிறது. கட்டுகிறவர்கள் வந்து கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பின்னர் வருகிற நாம் முடிந்துபோன வீட்டைத்தான் பார்க்கிறோம். கட்டுதல் என்னும் செயல், பார்வையாளனின் கண்ணுக்கு எட்டாமலே போய்விடுகிறது. எனவே, நான் மனத்தில் காணும் காட்சிக்கூடத்தில் முதலில் வருவது வீடன்று, ஒரு முடிச்சு. உள்ளே நுழைந்தவுடன் தாழ்வான ஒரு நீண்ட பலகை. அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கழிகள். பக்கத்தில் நீரில் ஊறிய பிரம்பு நார். பார்வையாளன் உட்கார்ந்து ஒரு கட்டுக் கட்டிப் பார்க்க வேண்டும். அது நழுவும். நிக்கோபாரி மூதாட்டி ஒருவரோ இளைஞர் ஒருவரோ எதிரில் இருந்து, அவிழ்த்து மறுபடி கட்டிக் காட்டுவார். அவர் எந்த மொழியில் சொல்கிறாரோ அந்த மொழியிலேயே சொல்லட்டும்; விரல்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். கட்டி முடித்த சட்டத்தை அசையும் பலகை ஒன்றின் மேல் நிறுத்தி, பக்கத்தில் விறைப்பாக ஆணி அறைந்த சட்டம் ஒன்றையும் நிறுத்தி, கைப்பிடியைச் சுழற்றினால், பூமி நடுங்கும்போது கட்டு எப்படி நெகிழ்ந்து கொடுக்கிறது, ஆணி எப்படிப் பிளக்கிறது என்பதைக் குழந்தையும் காணும். நில அதிர்ச்சி மிகுந்த மண்டலத்தில் வாழும் நமக்கு இது வேடிக்கை மட்டுமன்று. நடுக்கத்தையும் அலையையும் குழப்பிக்கொள்ளாதிருக்க, பழைய வீடு அலையைத் தாங்காது என்று முன்பு சொன்ன உண்மையையும் அங்கேயே எழுதி வைக்க வேண்டும்.

அடுத்தது மழை. இத்தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதி மழைக்காலம். இரண்டு சிறு கூரைகளை அருகருகே அமைத்து, ஒன்றைத் தகரத்தாலும் மற்றொன்றைப் புல்லாலும் வேய்ந்து, பார்வையாளனே கையால் இறைக்கும் குழாயிலிருந்து இரண்டின் மேலும் நீர் விழச் செய்யலாம். இரண்டின் கீழும் ஒரே முதியவரின் குரல் ஒரே அளவில் ஒலித்துக்கொண்டிருக்கும். புல்லின் கீழ் கதை கேட்கும். தகரத்தின் கீழ் வாய் அசைவதை ஊகிக்கலாமே தவிர, சொல் கேளாது. அடைமழை இரவில் பாட்டி கதை சொல்லும் ஒரு வீட்டில் தகரம் ஏறியதும் என்ன போயிற்று என்பதை, பத்துப் பக்கக் கட்டுரையைவிட அந்த ஒரு நிமிஷம் தெளிவாகச் சொல்லிவிடும். நடுப்பகலில் அதே கூரைகளின் கீழ் சிறிது நேரம் உட்கார்ந்து வருமாறும் சொல்லலாம்.

மூன்றாவதாக, தரையில் விரித்த பெரிய மணற்படுகை ஒன்று. கூட்டமாக வந்தவர்களிடம் மரத்தாலான சிறு வீடுகளையும் சமையற்கட்டுகளையும் தென்னைகளையும் பன்றிப் பட்டிகளையும் கொடுத்து, “நீங்கள் எல்லாரும் ஒரே தூஹெத். எங்கே எதை வைப்பீர்கள்?” என்று கேட்க வேண்டும். அவர்கள் பேசுவார்கள், சச்சரவு செய்வார்கள், மூத்தவரைக் கேட்பார்கள். எல்லாம் அமைந்தபின், சம சதுரங்களாகக் கோடு கிழித்த கண்ணாடித் தகடு ஒன்றை அதன்மேல் இறக்கி, சதுரத்துக்கு ஒரு வீடாக மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும். விளக்கவுரை எதுவும் வேண்டாம். இரண்டையும் செய்த கைகளுக்கு விஷயம் விளங்கிவிடும்.

தொடுதிரைகளை வைக்க வேண்டாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். வைக்கலாம், தூஹெத் முதியவர்களின் குரலையும், பின்கட்டுச் சமையலறைகளின் படங்களையும், அவரவர் சம்மதம் பெற்று, அவற்றில் சேர்த்து வைக்கலாம். ஆனால் விரல் நுனியால் தள்ளிவிட்டுப் போகும் பிம்பம், விரலை அறுக்கும் பிரம்பு நாருக்கு ஈடாகாது. அன்றியும், எழுத்து எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் முதலில் நிக்கோபாரி மொழி வர வேண்டும். கார் நிக்கோபாரின் மூஸ் ஊரில் பிறந்து, 1952-இல் இத்தீவுகளின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரான ஆயர் ஜான் ரிச்சர்ட்சன் விவிலியத்தை மொழிபெயர்த்தது அந்த மொழியில்தான். நான்கு வரிக் குறிப்பு எழுத அதற்கு ஆற்றல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தியும் தமிழும் வங்காளமும் அதற்குக் கீழே வரட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியவனாகிறேன். நிக்கோபாரிகளைக் குறித்துச் சொன்னவற்றை அந்தமான் காட்டு மக்களுக்கும் பொருத்திவிடலாகாது. 1906-லிருந்து 1908 வரை இங்கே ஆராய்ந்த மானுடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌன், பெரிய அந்தமானிய மக்களின் பாடி அமைப்பை வரைந்து வைத்திருக்கிறார்: நடுவே ஆடுகளம், அதைச் சுற்றி உள்முகமாகத் திரும்பிய குடில்கள். அந்த மக்களோ 1961 கணக்கெடுப்பில் 19 பேராகக் குறுகியிருந்தனர். 1860-களில் ராஸ் தீவில் அந்தமான் இல்லம் என்று ஒன்றை வைத்து மனிதர்களை அடைத்துப் பழக்கிய சரித்திரமும், அங்கே பரவிய நோய்களின் சரித்திரமும் அந்தக் குறைவின் பின்னால் நிற்கின்றன. சின்ன அந்தமானில் ஓங்கி மக்களுக்குப் பலகை வீடும் தகரக் கூரையும் தந்தபோது, பலர் அவற்றில் சாமான்களை வைத்துவிட்டு அருகே ஓலைச் சாய்ப்பில் படுத்தனர். அது அவர்கள் சொல்லாமல் சொன்ன விமரிசனம். ஜாரவாக்களோ தங்கள் காட்டுக்குள் தங்கள் குடிலை இன்றும் கட்டிக்கொள்கிறார்கள். 1956-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகள் அவர்களை அணுகுவதைத் தடுக்கின்றன. இருந்தும் காட்டின் ஊடே செல்லும் நெடுஞ்சாலையில் அவர்களை வேடிக்கை பார்க்கச் சென்ற வண்டிகளின் அவலத்தை 2012-இல் உலகமே கண்டது. ஆகையால் ஜாரவா குடிலுக்குள் புகுந்து பார்க்கும் காட்சி எதையும் நாம் அமைக்கக் கூடாது. மெழுகுப் பொம்மையும் கூடாது, குடிலின் நகலும் கூடாது. அவர்கள் நம்மை அழைக்கவில்லை. அவர்களுக்கென்று ஒதுக்கும் அறையில் அந்தப் பாதுகாப்பு விதிகளையும், நாம் கடந்து வந்த சரித்திரத்தையும் மட்டும் எழுதி வைத்து, இதற்கு மேல் கதவில்லை என்று நிறுத்திவிட வேண்டும். வடக்கு சென்டினல் தீவின் மக்களைக் குறித்தும் அப்படியே.

இன்னோர் அறையை, கட்டப்படாத வீட்டுக்காக ஒதுக்க விரும்புகிறேன். பெரிய நிக்கோபாரின் மேற்குக் கரையிலும் தெற்கிலும் இருந்த ஊர்களைப் பேரலைக்குப் பின் விட்டு வந்த நிக்கோபாரிகள், காம்பெல் விரிகுடாவை அடுத்த ராஜீவ் நகர் முதலிய குடியிருப்புகளில் வைக்கப்பட்டு, இருபது ஆண்டுகள் ஆன பின்னும் தங்கள் பூர்விக மண்ணுக்குத் திரும்ப வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் எழுப்பும் மாபெரும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. முன்பு தாம் தந்த இசைவைப் பழங்குடி மன்றத்தார் அதே மாதத்தில் திரும்பப் பெற்றனர். திரும்பிப் போனால் எந்த இடத்தில், எந்த முகமாக, எப்படிக் கட்டுவோம் என்பதை அவர்களே வரைந்து தந்தால், அந்த வரைபடங்களைவிடத் தற்காலமான கட்டடக் கலையை எந்த அருங்காட்சியகத்திலும் காண முடியாது.

கடைசியாக, பராமரிப்பு. புல் மக்கும், பிரம்பைப் பூச்சி அரிக்கும், உப்புக் காற்றில் எதுவும் நெடுநாள் நில்லாது. அருங்காட்சியகத்தார் இதைக் கேடென்று கருதி மருந்தடித்துக் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள். ஜப்பானில் ஈசே கோயிலை இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாகவே கட்டுகிறார்கள். 2013-இல் கட்டியது 62-ஆம் முறை. மரம் புதிது, கைத்திறன் பழையது. நம் காட்சிக்கூடத்தின் முற்றத்தில் நிறுத்தப்போகும் வட்ட வீடும் மக்கட்டும். மக்கும்போதெல்லாம் கார் நிக்கோபாரிலிருந்து ஒரு தூஹெத்தை அழைப்போம். அவர்கள் தங்கியிருந்து கட்டுகிற நாள்களே அந்த ஆண்டின் சிறந்த காட்சி நாள்களாக இருக்கட்டும். இதற்கு வேண்டியது, கட்டட மதிப்பீட்டில் ஒரு முறைச் செலவென்று எழுதி மூடிவிடாமல், கூரை வேய்வதற்கென்று ஆண்டுதோறும் வரும் ஒரு தலைப்பு. அதில் வேய்கிறவரின் கூலி, குழி வெட்டும் கூலிக்காரரின் விகிதத்தில் அன்றி, அந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போடும் பொறியாளரின் விகிதத்தில் எழுதப்பட வேண்டும். முதியவர் வந்து இறங்கும் கப்பல் கட்டணமும், தூஹெத்தின் குழந்தைகள் உடன் வருவதற்கான செலவும் அதிலேயே சேர வேண்டும். மாலையில் காட்சி நேரம் முடிந்ததும், பூட்டும் சாவியும் இல்லாமல், உள்ளே இருப்பவர் ஏணியை மேலே இழுத்துக்கொள்ளட்டும்; காலையில் அதை மறுபடி இறக்குவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.